புளி போட்டு விளக்கிய காசு

அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களுக்கு எப்போதாவது ரோமாபுரிக் காசு அகப்படும். அதை வாசிப்பதில் கரூரில் ரெஜினா டீச்சரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் அந்த வித்தையைக் கற்க வந்த அமரேசனுக்கு நாற்பதை நெருங்கும் வயது.

கைக்குழந்தையாகக் கரூர் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவன் அமரேசன். ஆசிரமத்தில் வளர்ந்தான். இப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாதான் பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, அது தெரிந்தபிறகு மேற்கொண்டு பேசலாம் என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அமரேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பொறந்த எடம் தெரியாதவன் என்ன பதில் சொல்றதுங்க, டீச்சர்?"

டீச்சர் ஒரு செப்புக்காசை எடுத்து நீட்டினார். எந்த ஊரில் அடித்தது என்று பார்க்கச் சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.

ராஜா தலை உள்ள பக்கத்துக்கு மறுபக்கம், அடிக்கோட்டுக்குக் கீழே ஊரின் எழுத்து இருக்கும். ரோமாபுரியா அந்தியோக்கியாவா என்று அதுதான் சொல்லும். ஆனால் பச்சைக் களிம்பு மூடிக் கிடந்தது. மனம் கலங்கினவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி முற்றத்தில் பாத்திரம் விளக்க வைத்திருந்த புளியைக் கரைத்து அழுத்தித் தேய்த்தான். காசு பளபளவென்று வந்தது. எழுத்து களிம்போடு போய்விட்டது.

டீச்சர் தேநீரோடு திரும்பி வந்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கெடுத்துட்டனுங்க. இனி இது எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாதுங்க."

"சரி, ஆத்துலயே திரும்பப் போட்டுருவமா?"

அமரேசன் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"எதுக்குங்க போடோணும்? நம்ம ஆத்துல கிடைச்சதுங்களே."

டீச்சர் தேநீரை அவன் முன் வைத்தார்.

அப்போது அவன் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. அமரேசன் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான், கை போகவில்லை. டீச்சர் எடுத்தார். அந்தப் பக்கம் அதே கேள்விதான்.

"பொறந்த ஊரு தெரியலைங்க," என்றார் டீச்சர். "கரூர்ல எங்களுக்குக் கிடைச்சவரு. வேணும்னா உங்களுக்கும் கிடைப்பாரு."