ஈஸ்டர் நிலா

கடலோர மாதா கோயிலில் மணியடிக்கும் சந்தியாகு, அந்தியானால் கோபுரத்தில் பழைய தொலைநோக்கியை நிறுத்தி நிலாவோடு மிதப்பான். புதிதாக வந்த பங்குப் பாதிரியார் சீறினார்.

"வானத்தைத் துருவுறது அவிசுவாசம்! அதைக் கடல்ல வீசு, இல்லேன்னா வேலையை விடு!"

"வீசிருதேன் சாமி. வாற வருசம் ஈஸ்டர் மணி என்னைக்கு அடிக்கணும்?"

"காலண்டர்ல இருக்குமே!"

"காலண்டர் போட்டவரு யாரைப் பாத்துப் போட்டாரு சாமி?"

மார்ச் இருபத்தொன்றிலோ அதன் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்று, பாதிரியார் படிப்புக்கான செமினாரியில் சாமியே ஒப்பித்த பாடம்.

அன்று அந்தியில், அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி கோபுரம் ஏறினார். கண்ணாடியில் கண் வைத்தவர் எடுக்கவே இல்லை. கடலுக்கு மேலே நிலாவின் வெள்ளி மலைகள் மிதந்தன.

"இது யாரு நிலாடா, சந்தியாகு?"

"நம்ம கோயில் நிலாதான் சாமி. சித்த தள்ளுங்க, நானும் பாக்கணும்."