தொண்ணூறு நாள் தொடாத ஃபைல்

"டீச்சர், நாலாவது தடவையா போயிருச்சு," என்றார் ஞானசிகாமணி.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. வயது ஐம்பத்து நாலு. டீச்சர் பெமினாவுக்கு முப்பதுதான். லினக்ஸ் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அவருக்கு எப்போதும் டீச்சர். கூப்பிட்டதும் செர்வர் அறைக்கே வந்துவிட்டாள்.

"எது போச்சு சார்?"

"நெட்வொர்க் ஃபைல். செர்வர் அணைஞ்சு எழும்பும்போதெல்லாம் காணாமப் போகு. அது இல்லாம செர்வர் யாரோடயும் பேசாது. லேப் ரிசல்ட் வார்டுக்குப் போகல. நர்சுங்க சீட்டும் கையுமா மாடி ஏறி இறங்குதாங்க."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நகலை எடுத்து வைப்பேன். பழைய தேதிகூட மாறாம, அப்படியே."

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. மற்றபடி மனுஷருக்கு எல்லாம் வெறுத்துப் போயிருந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"யாரோ வேணும்னே அழிக்காங்க. மேனேஜ்மென்ட் சாயங்காலத்துக்குள்ள பேரு கேக்கு. பாஸ்வேர்டு தெரிஞ்சது எனக்கும் சுயம்புக்கனிக்கும்தான். எனக்குக் கீழ இருக்க கான்ட்ராக்ட் பிள்ளை. இதுல அது பேரைத்தான் எழுதியிருக்கேன். நான் கையெழுத்துப் போட்டா அதுக்கு வேலை போயிரும்."

"எப்படிப்பட்ட பிள்ளை?"

"வரும், வேலையைப் பாக்கும், போகும். வாயே திறக்காது. அமுக்குணி."

டீச்சர் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஃபைலைத் திரும்ப வைக்கச் சொன்னாள். பிறகு யார் வந்தாலும் அழிக்க முடியாதபடி அதைப் பூட்டினாள்.

"இப்ப அணைச்சுப் போடுங்க."

இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி இரைந்துகொண்டிருந்தது.

செர்வர் எழுந்தது. திரையில் ஒரு வரி வந்தது. நெட்வொர்க் ஃபைலை அழிக்க முடியவில்லை என்று ஒரு புரோகிராம் புகார் சொன்னது. அதன் பெயர் 'துடைப்பம்'.

"துடைப்பம் யார் எழுதினது?"

ஞானசிகாமணி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"நான்தான். நாலு மாசம் இருக்கும். செட்டிங் ஃபைலெல்லாம் கண்டபடி சேந்து கிடந்துது. செர்வர் எழும்பும்போதெல்லாம், தொண்ணூறு நாளா யாரும் மாத்தாத ஃபைல்னா குப்பைன்னு அழிக்கச் சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் செர்வர் அணைஞ்சதே இந்த மூணு நாளாத்தான். அடியோட மறந்துட்டேன்."

"பழைய தேதியோட நகலை வச்சா, துடைப்பத்துக்கு அதுவும் குப்பைதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது.

"இந்த ஃபைலை ஏன் யாரும் தொடல?" என்று கேட்டாள் டீச்சர்.

"அது பாட்டுக்கு ஒழுங்கா இருந்துது. தொடுததுக்கு அவசியமே வரல."

டீச்சர் கடிதத்தை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சுயம்புக்கனிகிட்ட கடைசியா எப்ப சார் பேசினீங்க?"

"அது வேலையில ஒரு குறையும் கிடையாதே டீச்சர். பேசுததுக்கு என்ன இருக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.