சின்னான் திறந்த நறவுப்பானை

மலையும் மரமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிவந்த அந்தக் காலத்தில், சின்னான் குருவிக்குத் தலையில் கொண்டை இல்லை. வாலடியில் செந்நிறமும் இல்லை. வழவழத்த கருந்தலையோடும் வெளிறிய வயிற்றோடும் புதருக்குப் புதர் தாவித் திரிந்த எளிய பறவை அது.

அந்நாளில் குன்றக் குறவரின் சிறுகுடி ஒன்றில் கானத்தி என்னும் பெண் வாழ்ந்தாள். தினைப்புனத்தில் அவள் கணவனைக் கரடி கிழித்துப் போட்டபோது, அவன் பிழைத்தால் குன்றுறை குமரனுக்குத் தன் கையாலேயே தினைக்கள்ளான நறவு ஆக்கிப் படைப்பதாக நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்தான், கோலூன்றாமல் நடக்கவும் தொடங்கினான். ஆனால் அவ்வாண்டு மழை பொய்த்துத் தினையெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாயிற்று. முளைகட்டி, இடித்து, காய்ச்சி, புளிக்கவைத்த நறவு கஞ்சித் தண்ணீரைப் போலச் சப்பென்றிருந்தது. உயிரைத் திருப்பித் தந்தவனுக்கு இதையா படைப்பது என்று அவள் நெஞ்சு குமைந்தது.

அவளுடைய ஓரகத்தி நீலி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரனைக் கரடி படுக்கவைத்தது போதாதா? இதைக் கொடுத்துச் சாமியையும் படுக்கவைக்கப் போகிறாயா?" என்றாள்.

கானத்தி சோர்ந்துவிடவில்லை. நறவில் கொஞ்சத்தைச் சிறு சுரைக்குடுக்கைகளில் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றை இட்டுப் பார்த்தாள். இஞ்சி தொண்டையைக் காந்திற்று. நெல்லிக்காய் பல்லைக் கூசவைத்தது. துளசி நன்றாகத்தான் மணந்தது. ஆனால் நறவின் வாசம் போய்த் தீர்த்தத்தின் வாசம் வந்துவிட்டது. நீலி அதைக் கைகுவித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள். களாப்பழத்தைப் பிசைந்து எலுமிச்சம்புல்லோடு சேர்த்த குடுக்கையைச் சுவைத்தபோதுதான் அவளுடைய சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். புளிப்பும் இனிப்பும் இசைந்து நின்றன. நிறமோ குமரன் மேனியின் செம்மை.

களாப்புதரில் சின்னான் மேய்ந்துகொண்டிருந்தது. அதனிடம் கேட்டுவிட்டே கானத்தி பழம் பறித்தாள். தனக்குப் பாதியை விட்டுவைக்கும்படி அது வேண்டிற்று, அவ்வாறே விட்டுவைத்தாள்.

பிறகு பெரிய பானையிலும் பழத்தை இட்டாள். பொங்கி அடங்கிய நறவை மூடும் வழக்கப்படி மான்தோலை இழுத்துக் கட்டி, புற்றுமண் பூசி, காற்றும் புகாதவாறு அடைத்தாள். பழத்தின் இனிப்பை உண்டு நறவு மறுபடியும் பொங்கியெழும் என்பது அன்றுவரை எவருக்கும் தெரியாது. குடுக்கைகளின் வாய் திறந்தே இருந்தமையால் அவளுக்கும் அது புலப்படவில்லை. அடைத்த பானையைச் சன்னிதியில் பூசை செய்யும் வேலன்தான் திறக்க வேண்டும். அதற்குமுன் மனிதக் கை பட்டால் படையல் கெட்டுவிடும்.

படையலுக்குரிய விழாநாள் விடிந்தபோது பானை உறுமிக்கொண்டிருந்தது. மான்தோல் புடைத்து நின்றது. பானையின் வயிற்றில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடிற்று. திறந்தால் நேர்ச்சி கெடும். திறவாவிட்டால் பானை வெடிக்கும். கானத்தி தன் கைகளையே நம்பாமல் பின்னால் கட்டிக்கொண்டு, "முருகா, உன் பொருளை நீயே காத்துக்கொள்" என்று விம்மினாள்.

அவ்வொலியைக் கேட்டுச் சின்னான் வந்து பானையின்மேல் அமர்ந்தது. நடந்ததை அவள் அழுகையினூடே சொல்லி முடித்தாள்.

"மனிதக் கைதானே படக்கூடாது, அத்தை? எனக்குக் கையே இல்லையே" என்றது அது.

"வேண்டாமடா. உன்னைத் தூக்கி அடித்துவிடும்."

"பாதிப் புதரை எனக்கு விட்டுவைத்தவள் நீ. கொஞ்சம் தள்ளி நில்."

சொல்லிவிட்டு மண்பூச்சைக் கொத்தித் தோலில் ஒரு சிறு துளையிட்டது. உள்ளே அடைபட்டிருந்த காற்று சீறிக் கிளம்பி அதன் தலையிறகுகளை நிமிர்த்திற்று. அது திரும்பிப் பறக்க முயன்றபோது செஞ்சாறு பீறிட்டு வாலடியை நனைத்தது. பிறகு உறுமல் தணிந்தது, தோல் தளர்ந்தது, கீறல் மேலும் ஓடவில்லை.

வேலன் வந்ததும் கானத்தி ஒன்றையும் மறைக்காமல் உரைத்தாள். பறவை வாய்பட்ட பானை ஆகுமா என்று நீலியே கலங்கிக் கேட்டாள். வேலன் துளையருகே குனிந்து முகர்ந்தார்.

"தேனை வண்டின் வாயிலிருந்து எடுத்துத்தானே அவனுக்குப் படைக்கிறோம்? அதற்கு இல்லாத எச்சில் இதற்கு எங்கிருந்து வந்தது? தூக்கி வா, மகளே" என்றார்.

கானத்தி அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அன்று அவள் கணவனே பானையைச் சன்னிதிக்குச் சுமந்து சென்றான்.

படையல் முடிந்தபின் அவள் சின்னானைக் கையில் ஏந்திச் சுனைநீரில் கழுவப் போனாள்.

"விடு அத்தை. இது அவன் நிறம்" என்று கூறி அது பறந்துவிட்டது.

சின்னானின் கொண்டை படியாமல் நிற்பதும், அதன் வாலடி சிவந்திருப்பதும், பழமிட்ட பானையை அக்குன்றத்தார் குருவி அலகளவு துளை விட்டே மூடுவதும் அந்த விழாநாள் தொட்டு வந்தவையே.