நூறு நாள் ராஜாவும் வாயாடிப் பல்லியும்

ஊர்வதும் பறப்பதும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே, களிமண்ணால் கட்டிய தலைநகரம் ஒன்று இருந்தது. அதன் மதிலை ஒட்டிய பேரீச்சந்தோப்பில் சில்லாயா என்றொரு தோட்டக்காரன் இருந்தான். பாளை வெடிக்கும் பருவத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஏறுவான். ஆண் மரத்துப் பூந்தூளைப் பெண் மரத்துப் பாளைகளில் தூவிவிட்டு இறங்குவான். காற்று பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் பேரீச்சை ஒழுங்காகக் காய்க்காது. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஆள் ஏறிக் கல்யாணம் முடித்து வைக்க வேண்டும்.

அந்தத் தோப்பில் ஒரு பல்லி இருந்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற பல்லி இல்லை. அதன் வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது, வாயைப் பொத்தினாலும் அடங்காது.

"அண்ணே, மேற்கால இருக்கிற மரத்தை மறந்துட்டீங்க."

"தெரியும், நீ சும்மா இரு."

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க."

சில்லாயா அதை வாயாடி என்றுதான் கூப்பிடுவான். அது ஒரு நாள் பேசாமல் இருந்தால் அவனுக்குக் கை ஓடாது. என்ன நாட்கள் அவை. மரத்தின் உச்சிக்குப் போனாலும் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்த காலம். நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் சூரியன் இருண்டது. அரண்மனையில் சகுனம் பார்த்துச் சொல்லும் தலைமை நிமித்தகர் உபாரு, பழைய களிமண் பலகைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார். அரசருக்குச் சாவு, நூறாம் நாள் உச்சிப்பொழுதில். நிமித்தம் அப்படித்தான் சொல்லியது.

அதற்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. வேறொருவனுக்கு அரச அங்கியைப் போர்த்தி அரியணையில் உட்கார வைப்பார்கள். அசல் அரசர் ஒரு குடிசையில் ஒளிந்துகொள்வார். அவரை யாரும் அரசே என்று கூப்பிடக்கூடாது, உழவரே என்றுதான் கூப்பிட வேண்டும். சாவு வரும், அங்கியில் இருப்பவனை எடுத்துக்கொண்டு போய்விடும். உழவர் மறுபடி அரசராகிவிடுவார். இது அரண்மனைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத ரகசியம்.

ஆளை மட்டும் அவர்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏதாவது ஒரு பிராணியின் வாயிலிருந்து பெயர் வர வேண்டும். உபாரு தோப்புக்கு வந்து பல்லியிடம் கேட்டார்: "அரியணையில உட்காரத் தகுந்த ஆள் இந்த ஊர்ல யாரு?"

அரண்மனைக்காரர் தன்னிடம் வந்து கேட்கிறாரே என்று பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. "சில்லாயா அண்ணன்தான். அவரை விட நல்ல மனுஷன் யாரு இருக்கா?"

உபாரு பல்லியின் முகத்தைப் பார்க்காமல் ஈரக் களிமண்ணில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் பல்லக்கு வந்தது. நூறு நாள் அரியணையில் உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். சில்லாயாவின் மனைவி இல்தானிக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. "சீக்கிரம் வந்துடுங்க. குலை கனத்துச் சாயுற நேரம், தாங்கிக் கட்ட ஆள் வேணும்," என்றாள். பல்லி அவன் தலைப்பாகை மடிப்பில் ஏறிக்கொண்டு கூடவே போனது.

அரியணைக்கு வறுத்த இறைச்சி வந்தது, யாழ் வாசித்தார்கள். சில்லாயா சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் அவன் தோப்பு தெரிந்தது. பச்சைக் காய் மெல்ல மஞ்சளானது. "மெத்தையில முதுகு வலிக்குது, வாயாடி. மரத்து மேல கயித்துல சாஞ்சுக்கிட்டு உன்கூடப் பேசினேனே, அதுதான் சுகம்," என்பான். பல்லி இறங்கி அவன் காதோரம் உட்கார்ந்துகொள்ளும்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் காலையில் பல்லி உத்தரத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே உபாரு கடிதம் சொல்லச் சொல்ல ஒருவன் எழுதினான்: "உழவருக்கு. நாளை உச்சிப்பொழுதில் சாவு வந்து அங்கியில் இருப்பவனைக் கொண்டுபோகும். அதன் பின் தாங்கள் திரும்பலாம்."

பல்லி விழுந்தடித்துக்கொண்டு ஓடி எல்லாவற்றையும் சொன்னது. கடைசியில், "உங்க பேரைச் சொன்னதே நான்தான் அண்ணே," என்றது.

சில்லாயா சன்னலை விட்டுத் திரும்பினான். பிறகு கேட்டான்: "நல்லவன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப விடு."

"ஓடிப்போயிடுங்க அண்ணே."

"அங்கி காலியா இருந்தா சாவு என்னைத் தேடித் தோப்புக்கு வரும். அங்க இல்தானி இருக்கா."

பல்லி அன்று முழுக்க யோசித்தது. மறுநாள் உச்சிப்பொழுது நெருங்கும்போது வந்து சொன்னது: "சாவு மூஞ்சியைப் பார்க்காது அண்ணே. பார்க்குமானா இந்தச் சடங்கே எதுக்கு? அங்கிக்குள்ள உயிரோட ஒண்ணு துடிச்சா போதும். கழட்டிப் போடுங்க."

அவன் அங்கியைக் கழற்றி அரியணையில் வைத்தான். பல்லி அரியணையில் ஏறியது, திரும்பியது, தன் வாலைத் தானே கடித்துத் துண்டித்தது. உயிர் போகிற வலி. வால் அங்கிக்குள் விழுந்து துள்ளித் துள்ளித் துடித்தது.

"போங்க அண்ணே, நிக்காதீங்க."

சில்லாயா அதன் தலையை ஒரு விரலால் தடவிவிட்டு, பழைய கோவணத்தோடு, சமையல்கட்டில் கிடந்த ஒரு கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். காவலர்கள் நூறு நாளும் அங்கியைத்தான் பார்த்திருந்தார்கள். கூடைக்காரனை ஒருவரும் நிறுத்தவில்லை.

சாவு வந்தது. அங்கியோடு சேர்த்து அந்தத் துடிப்பை அள்ளித் தூக்கியது. "இந்த ராஜா என்ன இவ்வளவு லேசா இருக்கான்?" என்று சுற்றிப் பார்த்தது. சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ இங்கதானே இருந்தே. இது யாரு? பேரைச் சொல்லு."

கேட்டால் சொல்லாமல் இருந்து பழக்கமே இல்லாத வாய் அது. அண்ணன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டது பல்லி. அந்த அழுத்தத்தில் சத்தம் மட்டும் வந்தது. "ச்ச்... ச்ச்... ச்ச்."

செத்தவனுக்காக வருத்தப்படுகிறது என்று சாவு நினைத்துக்கொண்டது. "பாவம், வேண்டப்பட்டவன் போலிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனது.

உழவர் மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் வந்த கையோடு அரியணைக்குத் திரும்பினார். அங்கியும் இல்லை, ஆளும் இல்லை என்று கண்டு உபாரு நிம்மதியாக மூச்சு விட்டார். அன்று சாயங்காலமே சில்லாயாவும் இல்தானியும் நாணல் படகில் ஆற்றோடு போய்விட்டார்கள். மதிலைத் தாண்டும்போது அவன், "வாயாடி, வந்துடேன்," என்று குரல் கொடுத்தான். மதில் சுவரில் இருந்த பல்லிக்குக் கேட்டது. கூடப் போய் என்றைக்காவது வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லி, எங்கிருந்தாவது சாவு ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது? "ச்ச்" என்று மட்டும் சொன்னது. படகு வளைவில் மறைந்தது.

பல்லி ஆபத்து வந்தால் துடிக்கிற வாலைப் போட்டுவிட்டு நழுவுவது அன்று தொடங்கிய பழக்கம்தான். சுவரில் இருந்து அது ச்ச் கொட்டினால் நாமும் பேச்சை நடுவில் நிறுத்திவிடுகிறோம், அது யாரை நினைத்துக்கொண்டது என்று தெரியாமலே. போட்ட வால் அதற்குத் திரும்பத் திரும்ப முளைக்கிறது. "அண்ணே" என்று கூப்பிடுகிற அந்தப் பேச்சு மட்டும் அன்று முதல் இன்று வரை முளைக்கவே இல்லை.