நாலு சுற்றுக் கம்பி

"இதுல எது நல்ல ரிலீஸ், டீச்சர்?"

சிலுவைதாசன் துண்டை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்தார். மூன்றும் புதியவை. உப்புக்காற்றை இன்னும் அறியாத பளபளப்பு.

பெர்னதெத் டீச்சர் நிமிரவில்லை. தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு, ஒரு நீளக் கயிற்றின் உப்பை அலசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அந்தக் கழிமுகத்தில் பாராசூட் சவாரிக்குப் படகு விடுகிறவர்கள் எல்லாருக்கும் அவள்தான் டீச்சர். கயிறு பார்க்கும் வேலையை அவளிடம் படிக்காத ஆள் அந்தக் கரையில் கிடையாது. அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களே இருந்தன.

படகு முன்னே ஓடும். பின்னே பாராசூட் வானத்தில் ஏறும். அதில் தொங்குகிறவருக்கும் படகுக்கும் நடுவே ஒரே கயிறு. அந்தக் கயிறு படகில் முடிகிற இடத்தில் உள்ளங்கை அளவு ஒரு கொக்கி. ஆபத்தென்றால் அதன் நுனிக்கயிற்றைச் சுண்ட வேண்டும். கொக்கி வாய் திறந்து ஆளை விட்டுவிடும். ரிலீஸ் என்றால் அதுதான்.

இருபது நாளைக்கு முன்னால், சிலுவைதாசனின் படகில் அது திறக்கவில்லை.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கொக்கியை எடுத்தாள். கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பார்த்தாள்.

"ஆளு ஏறாதப்போ எல்லாக் கொக்கியும் நல்ல கொக்கிதான், அண்ணாச்சி."

கொட்டகையின் உத்தரத்தில் அதை மாட்டி, கீழே ஆறு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டாள். நுனிக்கயிற்றை அவரிடம் கொடுத்தாள்.

இழுத்தார். திறக்கவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். திறக்கவில்லை.

இரண்டாவது திறந்தது. திறந்த வேகத்தில் தெறித்து உத்தரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்தது.

"இது ஆளை விட்டுட்டு, கயிறு பார்க்கிறவன் பல்லைத் தட்டும்" என்றாள்.

மூன்றாவது, முருங்கைப்பூ உதிர்வதுபோல் சும்மா விட்டது.

"இதுதான்!" என்றார் சிலுவைதாசன். "இதையே போட்டுடுதேன்."

"பழசு எங்கே?"

"எது?"

"அன்னிக்குத் திறக்காதது."

"அது எதுக்கு டீச்சர்? அது சனியன்."

"இருக்கட்டும். சனியன் எங்கே?"

"போலீஸ்காரங்க கயிறையும் பாராசூட்டையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"கொக்கியை?"

அவர் துண்டின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"அது என்னன்னே அவங்களுக்குத் தெரியல. படகுலயேதான் கெடக்கு."

"நாளைக்குக் கொண்டாங்க. அது ஏன் திறக்கலைன்னு தெரியாம, இது திறக்கும்னு நான் எப்படிச் சொல்ல?"


அன்று நடந்ததைக் கரை முழுவதும் பார்த்தது.

காற்று திடீரென்று செத்தது. பாராசூட் முகத்துவாரத்து மணல்திட்டில் விழுந்து தண்ணீர் குடித்துக் கனத்தது. இன்ஜினை நிறுத்தியும் பயனில்லை. வற்றுகிற நீர் படகைக் கடலுக்கு இழுத்தது. ஒரு நுனியில் படகு. மறு நுனியில் பாராசூட். நடுவே தமயந்தி என்கிற பெண். நர்ஸிங் கடைசி வருஷம்.

ஏறுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிலுவைதாசன் கையில் கொடுத்திருந்தாள். "பத்திரம், அங்கிள். அது இல்லாட்டி எனக்குக் கரையே தெரியாது."

கயிறு பார்த்தவன் கஸ்பார். கயிறு பார்க்கிறவன் ஆளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. டீச்சரின் முதல் பாடம் அது. கஸ்பார் எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்த கொக்கியின் நுனிக்கயிற்றை இழுத்தான், இழுத்தான். பிறகு கண்ணை எடுக்காமலே கையால் துழாவிக் கத்தி தேடினான். கத்தி கிடைத்தபோது அவசரம் முடிந்துவிட்டிருந்தது.

சிலுவைதாசன் கரையில்தான் நின்றார். கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

மதுரையிலிருந்து வந்த அவள் அப்பாவிடம் அதை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"கொக்கி திறக்கலையா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"திறக்கலை."

"கொக்கியைப் பார்த்துக்கிறது யாரு?"

"கஸ்பார்."

கேட்டதற்கெல்லாம் அவர் உள்ளதைத்தான் சொன்னார்.


மறுநாள் பழைய கொக்கியைக் கொண்டுவந்தார்.

பித்தளை. பன்னிரண்டு வருஷம் உப்புத் தின்றது. டீச்சர் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். கொக்கியின் வாயும் உடலும் சேரும் இடத்தில் அவள் நகம் ஒரு தடவை ஓடியது. திரும்பி வந்து மறுபடியும் ஓடியது.

சிலுவைதாசன் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கொக்கியை உத்தரத்தில் மாட்டினாள்.

ஆறு மூட்டை. இழுத்தார். திறந்தது.

எட்டு மூட்டை. திறந்தது.

கயிற்றை நனைத்து, கொக்கியில் மணலைத் தூவி, பத்து மூட்டை. உத்தரம் முனகியது. இரண்டு விரலால் இழுத்தார். திறந்தது.

"இதைவிட நல்ல ரிலீஸ் இந்தக் கரையில இல்ல, அண்ணாச்சி."

"அன்னிக்குத் திறக்கலையே."

"ஆமா. அன்னிக்குத் திறக்கலை."

மூட்டை ஒன்று வாய் அவிழ்ந்து மணல் சிந்திக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. சொன்னார்:

"கஸ்பார் சரியா இழுக்கலையோ என்னவோ."

டீச்சர் குனிந்து மூட்டையின் வாயைக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"சனிக்கிழமை ஜெயில்ல அவனைப் பார்த்தேன். இடது கையால சாப்பிடுறான்."

"ஏன்? கையில அடியா?"

"அடி ஒண்ணும் இல்ல. வலது கை இழுக்காத கையாம். அதுல சோறு அள்ள மாட்டானாம்."

வெளியே ஒரு கடற்காகம் கத்திவிட்டு ஓய்ந்தது.

"இழுத்தியாடான்னு கேட்டேன். 'இழுத்தேன்னுதான் நெனச்சேன் டீச்சர். இழுத்திருந்தா திறந்திருக்கும்ல'ன்னான்."

சிலுவைதாசன் அவளுடைய இடது கையைப் பார்த்தார். பேச்சை மாற்ற அதுதான் கிடைத்தது.

"இது எப்படிப் போச்சு டீச்சர்? கேட்டதே இல்ல."

"கயிறு எடுத்துட்டுது."

"அடடா."

"ரெண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நான்தான் கையில சுத்தி வச்சிருந்தேன்."

அவள் கொக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"மணல் மூட்டையை வச்சு இதுக்கு மேல தெரியாது. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நீர் வத்தும். வாங்க. ஆளை வச்சுப் பார்ப்போம்."

"யாரை வச்சு?"

"உங்களை வச்சு."


வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருடைய விரல்கள் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தன.

போன மாசி மாதம் ஒரு புதுமாப்பிள்ளையை ஏற்றினார். நல்ல உயரத்தில் இருக்கும்போது கொக்கி தானாகத் திறந்துகொண்டது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெல்ல இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தான். ஆனால் கரை சிரித்தது.

"கட்டினது அவுறணுமா? சிலுவைதாசன் போட்டுக்குப் போங்கப்பா!"

கோயில் வாசலில் சொன்னார்கள். ஐஸ் கம்பெனியில் சொன்னார்கள். அவர் மகளைப் பெண்பார்க்க வந்த இடத்தில், சம்பந்தி ஆக வேண்டியவர் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சவாரிக்கு முன்னால், கஸ்பார் கொக்கியைச் சோதித்துவிட்டு லைஃப் ஜாக்கெட் எடுக்கப் போகும் நேரம் பார்த்து, சிலுவைதாசன் படகில் ஏறுவார். மெல்லிய கட்டுக்கம்பி. கொக்கியின் வாயைச் சேர்த்து நாலு சுற்று. ஒரு முறுக்கு. இனி அது தானாகத் திறக்காது.

மாலையில் அவரே பிரித்துவிடுவார்.

அன்றைக்கும் அவரே பிரித்தார். கரையில் எல்லாரும் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்றபோது.


காலையில் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. கழியின் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்கு ஓடியது. சத்தமில்லாமல், கண்ணாடிபோல் வளைந்து.

பழைய படகுத்துறையின் கடைசித் தூணில் டீச்சர் கொக்கியைக் கட்டியிருந்தாள். கீழே நூறு அடிக்கு மேல் தள்ளி மணல்திட்டு. அங்கே இடுப்பளவுதான் தண்ணீர்.

"திறந்தா, மிதந்து போய் அதுல நிப்பீங்க" என்றாள்.

"திறக்கலைன்னா?"

"நல்ல கொக்கிதானே அண்ணாச்சி. பத்து மூட்டைக்குத் திறந்துதே."

பட்டைகளை அவருக்கு மாட்டினாள். தொடையில் ஒன்று, மார்பில் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு மாட்டியது போலவே.

"திரும்பி நில்லுங்க. கடலைப் பாருங்க."

கடலைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவள் குனிந்து எதையோ செய்வது தெரிந்தது. பிறகு சின்னதாக ஒரு சத்தம். கல்லின் மேல் குறடு வைக்கிற சத்தம்.

அவர் கை மார்புப் பட்டையைப் பற்றியது.

"டீச்சர்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"இறங்குங்க."

இறங்கினார். நீர் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. கயிறு நீண்டது, நிமிர்ந்தது, விறைத்தது. மார்புப் பட்டை பிடித்து நிறுத்தியது.

ஓடுகிற தண்ணீரில் ஓடாமல் நிற்கிற பொருளைத் தண்ணீர் பொறுப்பதில்லை. முதலில் தோளில் ஏறியது. பிறகு வாயில். அவர் கையை உயர்த்தினார்.

டீச்சர் தூணருகில் நின்றாள். நுனிக்கயிறு அவள் கையில் இருந்தது. கண் அவர் மேல் இருந்தது. அவர் முகத்தை விட்டு அது அசையவில்லை.

கொக்கி திறக்கவில்லை.

தலை அமிழ்ந்தது. உள்ளே பச்சை நிறம். காதுக்குள் தன் ரத்தத்தின் இரைச்சல். கயிற்றைப் பிடித்து ஏறிப் பார்த்தார். கை வழுக்கியது. ஒரு கணம் மேலே வந்தார். அவள் அப்படியே நின்றாள்.

மறுபடி பச்சை. இந்தத் தடவை அது கறுத்துக்கொண்டே வந்தது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு வாய் காற்றுதான் கிடைத்தது. அதை அவர் மூச்சுக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"கம்பி! கம்பியை வெட்டுங்க! நாலு சுத்து, அடியில! வெட்டுங்க!"

டக்.

கயிறு தளர்ந்தது. நீர் அவரைக் கொண்டுபோய் மணல்திட்டில் போட்டது.


இடுப்பளவு தண்ணீரில் தள்ளாடி, கரையோரமாகவே சுற்றி அவர் துறைக்கு வந்து சேர வெகு நேரம் ஆனது. டீச்சர் உதவிக்கு வரவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூணில் கொக்கி வாய் திறந்து தொங்கியது. அதன் மேல் எதுவும் இல்லை. கல்லின் மேல் குறடு இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுக் கம்பிகூட இல்லை.

அவர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கம்பி, அண்ணாச்சி?"

அவர் பலகையில் சரிந்து உட்கார்ந்தார். வாயிலிருந்து உப்புத் தண்ணீர் வந்தது. அது நின்ற பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது."

"கஸ்பாருக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா கம்பி தெரிஞ்சிருக்கும்." டீச்சர் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "கண்ணை எடுக்காதேன்னு சொல்லிக் கொடுத்தது நான்."

கழி தன் பாட்டுக்கு வற்றிக்கொண்டிருந்தது. மணல்திட்டின் முதுகு வெளியே தெரிய ஆரம்பித்தது.

சிலுவைதாசன் எழுந்தார். பட்டைகளைக் கழற்ற முயன்றார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. டீச்சர் தன் இரண்டு விரலால் ஒவ்வொரு கொளுவியாக விடுவித்தாள்.

"முதல்ல ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார்.

"அது எப்பவும் திறந்துதான் இருக்கும்."

அவர் புரியாமல் பார்த்தார்.

அவள் துண்டை நீட்டினாள்.

"ஜெயில்ல பன்னெண்டு மணிக்கு அவனுக்குச் சோறு போடுவாங்க. அதுக்கு முன்னாடி போங்க."