குறை மட்டும் சொன்ன காக்கா

முன்னே முன்னே ஒரு காலத்தில், சுவருக்குக்கூடப் பசி எடுத்த காலத்தில், வெண்சாந்தூர் என்று ஒரு நாடு இருந்தது. வாயில் இருக்கிற சோற்றை முழுங்கிவிட்டுக் கேளுங்கள். நடுவில் பயந்து புரை ஏறினால் நான் பொறுப்பில்லை.

அந்த நாட்டு அரண்மனையில் கரிமுகன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவனிடம் ஒரு மாயக் கரித்துண்டு இருந்தது. ஈரச் சுவரில் அந்தக் கரியால் எதை வரைந்தாலும், சுவருக்குள்ளே அது நிஜமாகிவிடும். ஒருநாள் ராஜாவின் ஒரே மகள் நித்திலவல்லி காணாமல் போனாள். "அவளைத் தேடித் தர என் ஒருத்தனாலதான் முடியும்" என்றான் கரிமுகன். பாவம் ராஜா, அன்றிலிருந்து அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் கரிமுகன் முற்றத்துச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசச் சொல்லி, ஈரம் காயும் முன்பே பெரிதாக ஒரு படம் வரைவான். ஊரே வரிசையில் வந்து பார்த்து, "ஆஹா, பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். கரிமுகன் ஒவ்வொரு ஆஹாவுக்கும் தலையை ஆட்டுவான். ஆட்டி ஆட்டி அவன் கழுத்தே தஞ்சாவூர் பொம்மைக் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஆஹா சொல்லாமல் குறை சொன்னவர்கள் அரண்மனையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அந்த வருஷம் வரிசையில் முதல் ஆளாகச் செங்கமலம் நின்றாள். அவள் கோலம் போட்டால் தெருவில் போகிற மாடுகூட ஒதுங்கிப் போகும். அப்பா அம்மா இல்லை. இடுப்பில் உட்கார்ந்திருந்த தங்கச்சி பூவாயிதான் அவளுக்கு எல்லாம்.

பூவாயி படத்தைப் பார்த்தாள். "அக்கா, தூரத்துல நிக்கிற இந்த ஆளு பனைமரத்தைவிட உசரமா இருக்காரே. வீட்டுக்குள்ள எப்படிப் போவாரு?"

வரிசை மொத்தமும் இரண்டடி பின்வாங்கியது.

கரிமுகன் சிரித்தபடியே வந்தான். கரித்துண்டால் பூவாயியின் நெற்றியைத் தொட்டான். அவ்வளவுதான். செங்கமலத்தின் இடுப்பு காலியாகிவிட்டது.

"அக்கா" என்று ஒரு குரல் சுவருக்குள்ளிருந்து கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. படத்தில் வெகு தூரத்தில், வானமும் தரையும் முட்டுகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே, எறும்பளவில் பூவாயி நின்றாள். அவளுக்கும் செங்கமலத்துக்கும் நடுவில் அடி தெரியாத கறுப்புத் தண்ணீர் ஓடியது.

செங்கமலம் சுவரில் முட்டிக்கொண்டாள். "சின்னப் பிள்ளைங்க. தெரியாமச் சொல்லிருச்சு. விட்டுடுங்க சாமி."

"குறை சொல்றது சுலபம் பெண்ணே. வரைஞ்சு காட்டு" என்று கரித்துண்டை அவள் கையில் திணித்தான் கரிமுகன். "பாலம் ஒண்ணு வரை. அதுல நடந்து வந்துட்டா உன் தங்கச்சி. சுவர் காய்ஞ்சுட்டா என் படம்."

உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரின் உச்சியில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் காய்ந்து வெளுத்தது. அந்த இடத்தில் பறந்துகொண்டிருந்த கொக்கு இறக்கையை விரித்தபடியே நின்றுபோனது.

செங்கமலத்துக்குத் தெரிந்தது கோலம்தான். இந்தப் பக்கம் ஒரு நேர்கோடு, அந்தப் பக்கம் ஒரு நேர்கோடு இழுத்தாள். அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம். குறுக்கே பலகைகளை வரிசையாக வைத்தாள். கீழே வாசலில் போட்டிருந்தால் ஊரே மெச்சியிருக்கும்.

கூடி நின்ற அமைச்சர்கள் கரிமுகன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கண்ணைக் காட்டினான்.

"ஆஹா, பிரமாதம்" என்றார்கள் எல்லாரும்.

பெரியவர்கள் சொல்கிறார்களே என்று மரியாதைக்குத் தலையை ஆட்டினாள் செங்கமலம். கடக் என்று ஒரு சத்தம். அவள் வரைந்தது கல்லாகிவிட்டது. ஆனால் அது பாலமாகத் தண்ணீர்மேல் படுக்கவில்லை. இந்தக் கரையிலேயே செங்குத்தாக, வானத்தைப் பார்த்து நின்றது.

முற்றத்துத் தாழ்வார உத்தரத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்தது, ஒரு கண்ணால் பார்த்தது.

"இது பாலம் இல்லை, பனைமரம்" என்றது.

அமைச்சர்கள் திடுக்கிடவில்லை. "அது பேசும் காக்கா. எப்பவும் இப்படித்தான், குறை சொல்லிக்கிட்டே கிடக்கும். யாரு கேக்குறா" என்றார் ஒருவர்.

"ஏ கோலக்காரி" என்றது காக்கா. "பக்கத்துலயும் ஒரே அகலம், தூரத்துலயும் ஒரே அகலம். போகப் போக ஒடுங்கணும்னு உன் கைக்குத் தெரியலை. அதைவிடப் பெரிய தப்பு நீ தலையாட்டினது. புகழ்ச்சிக்குத் தலையாட்டினா கோடு கல்லாயிடும். இனி அதை அழிக்கவே முடியாது."

செங்கமலத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "கோலத்துல ஒரு பக்கம் ஒடுங்கினா ஊரே சிரிக்கும்."

"கோலத்தை நீ மேலேருந்து குனிஞ்சு பாக்குற. பாலம் கண்ணுக்கு முன்னாடி நீண்டு போகுது. அந்த வித்தியாசம் உனக்கு உறைக்கலை."

"என் பிள்ளை அங்க நிக்குது. ஒரு நல்ல வார்த்தை உன் வாயில வராதா?"

"வராது. அதுதான் என் குறை" என்றது காக்கா. "நிஜமாவே சரியானதைப் பாத்தாத்தான் நல்ல வார்த்தை வரும். பொய்யாச் சொன்னா என் நாக்கு கருகிடும். சாபம்."

காய்ந்த வெளுப்பு இன்னும் கீழே இறங்கியது. மேகங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல் தூணுக்குப் பக்கத்தில் மறுபடி வரைந்தாள். இரண்டு கோடும் போகப் போக நெருங்கின. நெருங்கி நெருங்கி, ஒரு மேகத்தின் வயிற்றில் போய் முட்டின.

"ஆஹா, பிரமாதம்" என்றார்கள் எல்லாரும்.

அவள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். பாலம் கல்லாகவில்லை. இந்த முறை தண்ணீர்மேல் படுத்தும் இருந்தது. ஆனால் போகப் போக ஏறியது. அதன் அந்த முனை பூவாயியின் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. குழந்தை குதித்தாள். கை எட்டவில்லை. மறுபடி குதித்தாள். "அக்கா, எட்டலக்கா."

காக்கா தலையைச் சாய்த்தது, ஒரு கண்ணால் பார்த்தது.

"வானமும் தரையும் முட்டுற கோடு உன் கண்ணு உசரத்துக்கு நேரா இருக்கு. உன் பாலம் அதையும் தாண்டிப் போயிடுச்சு. தரையில கிடக்கிறது எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டாது. நீ தாண்டவிட்டுட்ட."

செங்கமலம் முந்தானையை, சுண்ணாம்பு பூசியவர்கள் சுவரோரம் விட்டுப்போன தண்ணீர்க் குடத்தில் நனைத்து அந்தப் பாலத்தைத் துடைத்தாள். நிமிர்ந்து நின்று, தன் கண்ணுக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தாள். கோடு அங்கேதான் இருந்தது. அந்தக் கோட்டில் ஒரு புள்ளி வைத்தாள். கோலக்காரிக்குப் புள்ளி வைக்கத் தெரியாதா என்ன? இரண்டு கோட்டையும் அந்தப் புள்ளியைக் குறி வைத்து இழுத்தாள். குறுக்கே பலகைகளை வைத்தாள்.

பாலம் தண்ணீர்மேல் பாய் விரித்த மாதிரி படுத்தது. அந்த முனை பூவாயியின் காலடியைத் தொட்டது.

கரிமுகனின் சிரிப்பு நின்றது. போகிற போக்கில் தடுக்கியவன் போலக் குடத்தை உதைத்தான். தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடியது.

பூவாயி பாலத்தில் ஓடிவரத் தொடங்கினாள். ஓர் எட்டு வைத்தாள். அடுத்த எட்டுக்குப் பலகை இல்லை. குழந்தை வழுக்கி, பலகை விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கினாள். கீழே கறுப்புத் தண்ணீர்.

"ஆஹா, பிரமாதம்" என்றார்கள் எல்லாரும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

கரிமுகன் செங்கமலத்தின் காதருகே குனிந்தான். குரலில் தேன் ஒழுகியது. "தலையை ஆட்டிடு கண்ணு. பாலம் கல்லாயிடும், ஆடாது. உன் தங்கச்சி விழமாட்டா. எவ்வளவு அழகா வரைஞ்சிருக்க. இதுக்குமேல என்ன வேணும்?"

கல்லான பாலம் ஆடாதுதான். ஆனால் பலகை இல்லாத இடத்தில் பிறகு ஒருநாளும் பலகை வைக்க முடியாது. செங்கமலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கரிமுகனைப் பார்க்கவில்லை, அமைச்சர்களைப் பார்க்கவில்லை. உத்தரத்தைப் பார்த்தாள்.

"காக்கா, இன்னும் என்ன தப்பு? சீக்கிரம் சொல்லு."

இதுவரை அந்தக் காக்காவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.  அது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்தது.

"பலகைக்குப் பலகை ஒரே இடைவெளி விட்டிருக்க, கோலப்புள்ளி மாதிரி. இங்க ஒரு விரல் இடைவெளின்னா, தாண்டிடலாம். அங்க ஒரு விரல்னா அது ஒரு கிணறு. தூரம் போகப் போக நீ நெருக்கலை."

செங்கமலம் பாய்ந்தாள். தூரத்துப் பலகைகளுக்கு நடுவே புதுப் பலகை, அதற்கு நடுவே இன்னொன்று, போகப் போக மயிரிழை நெருக்கத்தில். வெளுப்பு வானத்தையெல்லாம் தின்றுவிட்டு அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டது. பூவாயியின் நெற்றி முடி காற்றில் ஆடாமல் நின்றது. கரி சுவரில் பிடிக்கவில்லை. குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செங்கமலம் யோசிக்கவேயில்லை, விரலில் எச்சிலைத் தொட்டுச் சுவரில் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் கடைசிப் பலகையை வைத்தாள்.

பூவாயியின் கால் துழாவியது. பலகை தட்டுப்பட்டது. ஊன்றி ஏறினாள்.

"கீழ பாக்காத பூவு. என்னைப் பாத்துக்கிட்டே வா."

எறும்பளவு இருந்தவள் பூனைக்குட்டி அளவு ஆனாள். பூனைக்குட்டி ஆட்டுக்குட்டி ஆனது. ஆட்டுக்குட்டி பூவாயி ஆனாள். சுவரிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. செங்கமலம் அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து இடுப்பில் உட்கார வைத்துக்கொண்டாள்.

பூவாயி வந்த பாலத்தில் அவள் பின்னாலேயே இன்னும் காலடிச் சத்தம். வருஷா வருஷம் குறை சொல்லிச் சுவருக்குள் போனவர்கள் ஒவ்வொருவராக, கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்கள்.

காக்கா பறந்து வந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து, இன்னொரு கண்ணாலும் பார்த்தது.

"சரியா இருக்கு" என்றது.

நாக்கு கருகவில்லை. இறகுகள்தான் உதிர்ந்தன. உதிர்ந்த இறகுகளுக்கு நடுவே இளவரசி நித்திலவல்லி நின்றாள். கரிமுகனின் முதல் படத்தைப் பார்த்து, "கோபுரம் சாய்ஞ்சிருக்கே" என்று சொன்னதற்குத்தான் அவளுக்கு அந்தச் சாபம். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ராஜா சிம்மாசனத்திலிருந்து விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

கரிமுகன் நிற்பானா? செங்கமலம் கீழே போட்ட கரித்துண்டைப் பொறுக்கிக்கொண்டு, ஈரம் மிச்சமிருந்த சுவரின் அடிப்பக்கத்துக்கு ஓடினான். தப்பிக்க அவசர அவசரமாக ஒரு கதவு வரைந்தான். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை, இருக்கவேண்டிய அகலத்தில் பாதி. தன் படத்தில் தப்பைத் தேடிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இருந்தால்தானே. ஒரு காலையும் தலையையும் உள்ளே விட்டான். இடுப்பு மாட்டிக்கொண்டது.

அமைச்சர்கள் வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷம்.

"ஆஹா, பிரமாதம்" என்றார்கள் எல்லாரும்.

அவன் கழுத்தும் பழக்கத்தில் ஆடிவிட்டது. கடக் என்றது சுவர். பாதி உள்ளே பாதி வெளியே, கதவோடு சேர்ந்து கரிமுகன் கல்லானான். வெகு காலத்துக்கு அரண்மனைக்காரர்கள் அவனுடைய வெளிக்காலில் குடையை மாட்டி வைத்தார்களாம்.

ராஜா மகளை ஒரு கையாலும் செங்கமலத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆஹா" என்று தொடங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க ராசா" என்று தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள் செங்கமலம். "முழுசாக் காயட்டும், அப்புறம் சொல்லுங்க."

ராஜா அந்த முற்றத்துச் சுவர் அத்தனையையும் அவளுக்கே கொடுத்தார். அரண்மனைக்குள்ளேயே அக்கா தங்கச்சிக்கு வீடும் கொடுத்தார். நித்திலவல்லி தினமும் வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

"மூணாவது பலகை கோணல், கோலக்காரி."

"எனக்கும் தெரியுதுடி. பூவு, அந்தத் துணியை நனைச்சுக் கொண்டா."

அவர்கள் அங்கே துடைத்துத் துடைத்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். நாம் இங்கே எழுந்து கை கழுவுவோம்.