நத்தையின் ஒற்றை வீடு

உயிர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் நத்தைக்கு ஓடு கிடையாது. வாய்க்கால் ஓரத்துச் சேம்பஞ்செடிகளுக்கு அடியில் நத்தைகள் வெறும் முதுகோடுதான் குடித்தனம் நடத்தின. மெத்தன் என்ற நத்தையும் அவன் மனைவி ஈரியும் அங்கேதான் இருந்தார்கள்.

மழை வந்தால் ஒரே இலைக்கு அடியில் அத்தனை பேரும் ஒண்டிக்கொள்வார்கள். தவளை இடித்துக்கொண்டு உட்காரும், மண்புழு இடுக்கில் நெளியும். ஈரிக்கு வாய் ஓயாது. யாரையாவது கிண்டல் செய்து கூட்டத்தையே சிரிக்க வைப்பாள். மெத்தனும் சிரிப்பான். ஆனால் மழை விட்டதும் அவனுக்கு நினைவில் நிற்பது முதுகு நனைந்தது மட்டும்தான். சிலருக்கு அப்படி ஒரு புத்தி, என்ன செய்ய?

வாய்க்காலில் ஓர் ஆமை இருந்தது. அதற்கு மட்டும் சொந்த வீடு. மழையோ வெயிலோ, தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆமையின் முகமே அப்படித்தான் என்பது மெத்தனுக்குத் தோன்றவில்லை. சந்தோஷம் வீட்டுக்குள்தான் இருக்கிறது, வீடு வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று முடிவு கட்டினான்.

அந்நாளில் வீடு கட்டத் தெரிந்தவர் குளவிக் கொத்தனார் ஒருவர்தான். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. குடியிருக்கப் போகிறவர்கள் எல்லாரையும் ஈர மண்ணில் பக்கம் பக்கமாகப் படுக்க வைப்பார். மண்ணில் பதிந்த தடம்தான் வீட்டின் அளவு.

மெத்தன் தனியாகப் போய் நின்றான்.

“வீட்டுல எத்தனை பேருப்பா? எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா,” என்றார் கொத்தனார்.

மெத்தன் யோசித்தான். ஈரி வந்தால் அவள் பேச்சும் வரும். அவள் பின்னாலேயே தவளையும் மண்புழுவும் வரும். பிறகு எங்கே நிம்மதி?

“நான் ஒண்டிக்கட்டைங்க, கொத்தனாரே.”

“நல்லா யோசிச்சுக்க. சுண்ணாம்பு காஞ்சு முதுகோட ஒட்டிப்போச்சுன்னா அப்புறம் பிரிக்கவும் முடியாது, இடிச்சுக் கட்டவும் முடியாது.”

“அதான் சொல்றேனே. எனக்குன்னு யாரும் இல்லைங்க.”

கட்டின மனைவி அவனுக்காகத் தளிர் எடுத்து வைத்துக்கொண்டு சேம்பிலைக்கு அடியில் காத்திருந்தாள். அவனோ இங்கே படுத்துத் தன் தடத்தை மட்டும் பதித்தான். கொத்தனார் அதை அளந்து, வளைத்து வளைத்துக் கட்டி முடித்தார்.

முதுகில் வீட்டோடு வந்தவனைப் பார்த்து ஈரி பூரித்துப் போனாள். சுற்றிச் சுற்றி வந்தாள்.

“ஏங்க, இதுல எனக்கு எந்த மூலை?”

“உனக்கு அப்புறம் பாத்துக்கலாம்,” என்று மெத்தன் உள்ளே போனான்.

அவள் முகம் வாடியது. ஆனாலும் சண்டை போடவில்லை. வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மெத்தனைப் பார்த்து மற்ற நத்தைகளும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டன. ஈரி மட்டும் அவன் ‘அப்புறம்’ என்று சொன்னதை நம்பிக் காத்திருந்தாள்.

அடுத்த மழைக்கு மெத்தனின் முதுகு நனையவில்லை. வெளியே ஈரியும் தவளையும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

பழகுவதற்குள் ஆலங்கட்டி மழை வந்தது. முதல் கல்லிலேயே இலை கிழிந்தது. தவளை தண்ணீரில் குதித்தது, மண்புழு மண்ணுக்குள் போனது. ஈரிக்குப் போக இடம் இல்லை. ஓடி வந்து அவன் வாசலில் முட்டினாள்.

“ஏங்க, கொஞ்சம் ஒதுங்குங்க!”

மெத்தன் முடிந்த மட்டும் ஒடுங்கினான். அவள் தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. தான் வெளியேறி அவளை உள்ளே விடலாம் என்று பிய்த்துக்கொள்ளப் பார்த்தான். உயிர் போகிற மாதிரி வலித்ததே தவிர, ஓடு அசையவில்லை. வாய்க்கால் பொங்கி வரும் சத்தம் கேட்டது.

“ஈரி, என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க!” என்று கழுத்தை நீட்டிக் கதறினான்.

அவன் தலைக்குப் பக்கத்தில் ஒரு கல் விழுந்தது. ஈரி தன் கொம்பால் அவன் கொம்பை மெல்லத் தொட்டாள்.

“நீங்க உள்ள போங்க. அடிபடப் போறீங்க.”

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போனது.

மழை நின்றதும் மெத்தன் கொத்தனாரிடம் போய் விழுந்தான். “இதை உடைச்சுப் போடுங்க, சாமி!”

“ஒண்டிக்கட்டைன்னு நீதானேப்பா சொன்னே,” என்றார் கொத்தனார். அவருக்கும் கண் கலங்கியது. “அது இப்ப உண்மையாயிருச்சு.”

சேம்பிலைக்கு அடியில் முதுகு நனைய நனைய அவளோடு சிரித்துக்கொண்டிருந்தானே, அதுதான் சந்தோஷம். அதைத் தேடித்தான் அதை விட்டு வந்திருக்கிறான். பாவி, அது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று தொடங்கித்தான் நத்தை வெயில் காலத்தில் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மழை பெய்தால் மட்டும் வெளியே வந்து, கொம்பு நுனியில் கண்களை உயர்த்தி வைத்து, வாய்க்கால் ஓரமெல்லாம் தேடுகிறது. போன இடமெல்லாம் ஈரக்கோடு விழுகிறது. யாராவது கொம்பைத் தொட்டால், ஈரிதான் சொல்கிறாள் என்று நினைத்து உள்ளே போய்விடுகிறது.